ஃபிளெக்ஸா, கிரிட்டா? காரைக்குடிக் கடைப் பக்கத்துக்கு எது?

கண்டாங்கிச் சேலையும் ஆத்தங்குடி டைல்ஸும் விற்கும் கடைக்கு வலைப்பக்கம் அமைத்தால் முதலில் தீர்க்க வேண்டியது இதுதான். ஃபிளெக்ஸ், கிரிட் இரண்டும் பக்கத்தில் படம், பட்டன் போன்றவற்றை அடுக்கும் சிஎஸ்எஸ் (பக்கத்தின் தோற்றத்தை எழுதும் மொழி) முறைகள்.

ஃபிளெக்ஸ் ஒரே திசையில் அடுக்கும். லோகோ, மெனு, வாட்ஸ்அப் பட்டன் வரும் மேல்பட்டைக்கு அதுவே போதும். சேலைப் படங்களை அதில் அடுக்கினால்தான் சிக்கல். மிச்ச இடத்தை நிரப்ப நீளச் சொல்லும் 'ஃபிளெக்ஸ்-க்ரோ'வுக்கு 1 கொடுத்து, அடுத்த வரிக்கு மடியவும் விட்டால், கடைசியில் மிஞ்சும் ஒற்றைச் சேலை முழு அகலத்துக்கும் நீண்டுவிடும். ஒவ்வொரு வரியும் தன் மிச்ச இடத்தைத் தனியாகப் பங்கிடுவதே காரணம்.

பொருள் பட்டியலுக்குக் கிரிட்டே சரி. வரிசை, நெடுவரிசை இரண்டையும் சேர்த்துப் பிடிப்பதால் ஆத்தங்குடித் தரை போலக் கட்டம் பிசகாது. 'ஆட்டோ-ஃபில்' (கொள்ளும் அளவுக்கு நெடுவரிசைகளை நிரப்புவது), நெடுவரிசை அகலம் குறைந்தது 150 பிக்சல், அதிகபட்சம் 1 எஃப்ஆர் (மிச்ச இடத்தில் ஒரு பங்கு), இடைவெளி 16 பிக்சல் என்று கொடுங்கள். 360 பிக்சல் போனில் இரண்டு நெடுவரிசை தானாக அமையும், திரை அளவுக்கேற்பத் தனி விதி எழுதும் மீடியா குவெரி தேவையில்லை. 'ஆட்டோ-ஃபிட்' வேண்டாம்: பொருள் இரண்டே இருந்தால் கணினித் திரையில் காலி நெடுவரிசைகள் சுருங்கி, படங்கள் ஊதிவிடும்.

தமிழுக்கு ஒரு தொல்லை இரண்டிலும் உண்டு. 'செட்டிநாட்டுப்பலகாரவகைகள்' மாதிரி நீளச் சொல் பெட்டியைத் தாண்டி வழியும். 'ஓவர்ஃப்ளோ-ராப்: எனிவேர்' கொடுத்தால் மடங்கும், கொம்பும் காலும் எழுத்தை விட்டுப் பிரியாது.