லண்டன் ம்யூசியம் ஆஃப் தி ஹோம்: 14-ஆம் எண் வீட்டைப் பார்க்காமல் திரும்பாதீர்கள்

ஹாக்ஸ்டன் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் எதிரிலேயே இருக்கிறது, வீடுகளையும் வீட்டு வாழ்க்கையையும் பற்றிய இந்த அருங்காட்சியகம். நுழைவு இலவசம். காட்சி அறைகளும் நன்றாகத்தான் இருக்கின்றன, ஆனால் என் மனதில் நின்றது தனி டிக்கெட் எடுத்து வழிகாட்டியோடு போய்ப் பார்த்த 14-ஆம் எண் வீடு.

இந்தக் கட்டடம் முழுவதுமே ஒரு காலத்தில் ஆம்ஸ்ஹவுஸ், அதாவது வயதான ஏழைகளை வாடகை இல்லாமல் குடிவைத்த தருமக் குடியிருப்பு. லண்டன் மேயராக இருந்த சர் ராபர்ட் ஜெஃப்ரி எழுதிவைத்துப் போன பணத்தில், இரும்பு வணிகர் சங்கமான அயர்ன்மங்கர்ஸ் கம்பெனி 1714-இல் கட்டியது. ‘ப’ வடிவில் வரிசையாக 14 செங்கல் வீடுகள், நடுவில் சின்னதாக ஒரு தேவாலயம், முன்னால் புல்வெளி. வெளியே இருந்து பார்க்கும்போது ஒரு கதவுக்கு ஒரு குடும்பம் என்றுதான் நினைத்தேன், உள்ளே போனால் வீட்டுக்கு நான்கு அறை, ஆளுக்கு ஓர் அறை, அவ்வளவுதான்.

14-ஆம் எண் வீட்டில் ஓர் அறையை 1780-களில் இருந்ததுபோலவும் இன்னொன்றை 1880-களின் விக்டோரியா காலத்து அறையாகவும் மீட்டு வைத்திருக்கிறார்கள். படுக்கை, மேசை, கரியடுப்பு எல்லாம் அந்த ஒரே அறைக்குள். சின்னதுதான், ஆனால் அன்றைக்கு இது கிடைக்காத முதியவர்களுக்குக் கடைசிப் புகலிடம் ஒர்க்ஹவுஸ், அதாவது ஏழைகளை வேலை வாங்கிக்கொண்டு தங்கவைத்த விடுதி, அங்கே கணவனையும் மனைவியையும்கூடப் பிரித்துத்தான் வைப்பார்கள். அதை யோசித்துக்கொண்டே அந்தக் கதவைப் பார்த்தபோது, உள்ளிருந்து தாழ்போட்டுக்கொள்ளத் தனக்கென்று ஓர் அறை இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று தொண்டை அடைத்துவிட்டது.

அப்புறம் சுற்றுவட்டாரம் நெரிசலாகிவிட, குடியிருந்தவர்களை ஊருக்கு வெளியே மாற்றினார்கள். இது இருக்கும் ஷோர்டிச் பகுதியில் மரச்சாமான் தொழில் கொடிகட்டிப் பறந்த காலம், அதனால் 1914-இல் இது மரச்சாமான்களுக்கான அருங்காட்சியகமாகத் திறந்தது.

ஒரு விஷயம் உறுத்துகிறது. ஜெஃப்ரி அடிமை வணிகத்தில் பணம் போட்டவர். 2020-இல் நடந்த கருத்துக் கேட்பில் பலரும் அகற்றச் சொல்லியும், அவர் சிலையை வாசலுக்கு மேலேயே விட்டுவைத்தார்கள். அதை இறக்கி உள்ளே வைத்து, முழுக் கதையையும் பக்கத்தில் எழுதி வைப்பதுதான் நியாயம் என்பது என் கருத்து.

14-ஆம் எண் வீட்டைத் தினமும் காட்டுவதில்லை. நாள் பார்த்து, டிக்கெட் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.