முதலில் மொழியா, ஓதுவதா?

எழுத்துக் கூட்டத் தெரிந்ததும் குர்ஆனைக் கையில் கொடுத்துவிடுவதா, அரபு மொழியைப் படிப்பித்த பிறகு ஓத வைப்பதா? பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதக் கற்றுத்தரும் நம் மக்தபுகளில் இன்றும் ஓயாத இந்த வழக்கு பழையது. துனிஸில் பிறந்த வரலாற்றறிஞர் இப்னு கல்தூன், 1377இல் தன் வரலாற்று நூலுக்கு முன்னுரையாக எழுதிய முகத்திமாவில், இதை ஊர்வாரியாக அலசியிருக்கிறார்.

வடமேற்கு ஆப்பிரிக்காவான மக்ரிபில் குர்ஆன் மட்டும்தான். அதில் தேறும்வரை ஹதீஸ் (நபிமொழி), ஃபிக்ஹு (மார்க்கச் சட்டம்), கவிதை எதற்கும் வகுப்பில் இடமில்லை. மனப்பாடத்தில் அந்தப் பிள்ளைகளை மிஞ்ச ஆளில்லை. ஆனால் சொந்தமாக நாலு வாக்கியம் சொல்ல நா எழாது. அதற்கு அவர் சொல்லும் காரணம் அபாரமானது: குர்ஆனைப் போல எழுத மனிதரால் ஆகாது. பின்பற்ற முடியாத நடையை மட்டுமே கேட்டு வளர்ந்தவனுக்குத் தன் நடை எங்கிருந்து வரும்?

முஸ்லிம் ஸ்பெயினான அந்தலூஸில் குர்ஆனோடு கவிதை, கடிதம், இலக்கணம், கையெழுத்து எல்லாம் உண்டு. மொழி கைவந்தது, மற்றக் கல்விகளில் பின்தங்கினார்கள். கிழக்கு நாடுகளில் கையெழுத்துக்கென்றே தனி ஆசிரியர்; குர்ஆன் பள்ளியில் அது பாடமில்லை. அதனால் பள்ளிப் பலகையில் பிள்ளைகள் எழுதியது கோணல்மாணல்தான்.

அந்தலூஸின் செவில்யா நகரத்துக் காதி (நீதிபதி) அபூபக்ர் இப்னுல் அரபி, பேரறிஞர் கஸ்ஸாலியிடம் பயின்றவர், வரிசையையே மாற்றச் சொன்னார்: முதலில் மொழியும் கவிதையும், அடுத்து கணக்கு, அதன்பின் குர்ஆன். புரியாததைப் பிள்ளைக்கு ஓதிக் கொடுப்பது அவருக்குப் பொறுக்கவில்லை. நல்ல வழிதான் என்று ஒப்புக்கொள்ளும் இப்னு கல்தூன், வழக்கம் இடம் தராது என்கிறார். வளர்ந்து வீட்டாரின் பிடி தளர்ந்தால் பையன் குர்ஆனையே படிக்காமல் போகலாம். படிப்பைத் தொடர்வான் என்று உறுதியிருந்தால் காதியின் வழியே மேல்.

என் ஓட்டு காதிக்கு. ஆனால் இப்னு கல்தூனின் பயத்தைத் தள்ளிவிட முடியவில்லை. அரபு பேசும் வீட்டுப் பிள்ளைகளுக்கே இந்தப் பாடென்றால், தமிழ் பேசும் நம் பிள்ளைகளை என்ன சொல்வது! டியூஷன் தொடங்கியதும் மக்தப் நின்றுவிடுகிறது. அதுவரை ஓதியது வாயில் நிற்கும், பொருள் ஒரு நாளும் உள்ளே வந்திருக்காது. ஓதுவதைத் தள்ளிப்போட வேண்டாம்; குர்ஆனின் முதல் அத்தியாயமான அல்ஹம்து சூராவிலிருந்தாவது பொருளைத் தொடங்கலாம். ஐவேளை ஃபர்ளில் (கட்டாயத் தொழுகையில்) மட்டும் நாளுக்குப் பதினேழு முறை வருகிற சூரா அது. அதில் முப்பது சொல்கூட இல்லை.