நூலகம் தளம், மதுரைத் திட்டம், அச்சுத் தாள்: செய்யுள் படிக்க எது எதற்கு உதவும்?

ஹட்டனிலோ பதுளையிலோ உயர்தரத்துக்குத் தமிழ் படிக்கும் பிள்ளைக்கு இன்று பழைய செய்யுள் பெரும்பாலும் போன் வழியாகத்தான் கிடைக்கிறது. ஆனால் போனில் வருவது ஒரே சாமான் அல்ல. பக்கத்தைப் படமெடுத்த பீடிஎஃப் ஒன்று. ஆள் இருந்து தட்டச்சு செய்து பிழை திருத்திய யுனிகோட் பாடம் இன்னொன்று. படத்தைப் பார்த்து இயந்திரம் தானே எழுதிய எழுத்துணரிப் பாடம் மூன்றாவது. மூன்றையும் ஒன்றாக நினைத்தால் யாப்பில், அதாவது செய்யுள் இலக்கணத்தில், இடறுவது நிச்சயம்.

படப் பக்கங்களுக்கு நூலகம் தளம்தான் நமக்கு முதல் வாசல். இலங்கைத் தமிழ் நூல்களைப் படமெடுத்துத் தரும் இணைய நூலகம் இது. 2005இல் தொடங்கியது, வாசிக்கக் காசு இல்லை. ஒவ்வொரு நூலுக்கும் தனிப் பக்கம் உண்டு. அதில் நூலக எண், ஆசிரியர், வெளியீட்டாண்டு, பக்கத்தொகை, பிறகு பீடிஎஃப் இணைப்பு. கோப்பு எத்தனை எம்பி என்பது இணைப்போடு சேர்த்தே போடப்பட்டிருக்கும். டேட்டா எண்ணிப் பாவிப்பவர்கள் அதைப் பார்த்துவிட்டுத் தட்டலாம். பல நூல்களுக்கு உள்ளடக்கமும் தட்டச்சில் இருப்பதால், தேடும் கவிதை அந்தத் தொகுதியில் இருக்கிறதா என்று இறக்காமலே தெரிந்துகொள்ளலாம். குறைந்த பிரதிகளோடு, மறுபதிப்பே காணாமல் நின்றுபோன தொகுதிகளைத் தேடுவோருக்கு இதன் பெறுமதி சொல்லி முடியாது. மலையகக் கவிதை படிப்பவர்களுக்கு இன்னும் கூடுதலாக. தோட்டத்து வாசிகசாலை அலுமாரியில் இல்லாதது இங்கே கிடைத்தால் அது பெரிய கொடை.

மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கிய தொண்டர் முயற்சி. சங்க இலக்கியம், காப்பியம், பக்திப் பாடல் என்று மூலங்களைத் தட்டச்சு செய்து தருகிறது. ஒரு சொல் எங்கெங்கே வருகிறது என்று தேட இதுதான் வசதி. படப் பக்கத்தில் அப்படித் தேட முடியாது.

யாப்புக்கு வரும்போது கவனம் வேண்டும். முதல் குறளையே எடுப்போம். "அகர முதல எழுத்தெல்லாம் ஆதி" என்பது நாற்சீர் அடி. இணையத்தில் உலவும் சந்தி பிரித்த பாடங்களில் இது "எழுத்து எல்லாம்" என்று கிடக்கும். பொருள் விளங்கப் பிரித்தது, தப்பில்லை. ஆனால் அதை வைத்து அலகிட்டால், அதாவது சீர்களை நேர், நிரை என்ற அசைகளாகப் பிரித்துக் குறித்தால், ஐந்து சீர் வரும். போதாததற்கு, புளிமாவாகிவிட்ட (நிரை நேர்) "எழுத்து"க்குப் பின்னால் "எல்லாம்" நேரசையில் தொடங்கி வெண்டளையைக் கெடுக்கும். வெண்டளை என்பது வெண்பாவில் சீரோடு சீர் சேரும் விதி: மாச்சீருக்குப் பின் நிரை, காய்ச்சீருக்குப் பின் நேர் வர வேண்டும். சேர்த்தெழுதினால் "எழுத்தெல்லாம்" புளிமாங்காய் (நிரை நேர் நேர்), அடுத்து "ஆதி" நேர், எல்லாம் சரி. பிள்ளை விதியைச் சரியாகப் படித்திருந்தும் விடை பிழைப்பது இப்படித்தான். அலகிடப் பிரிக்காத பாடம், பொருளுக்குப் பிரித்த பாடம் என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

திரையின் அகலமும் ஏமாற்றும். போனை நிமிர்த்திப் பிடித்தால் நான்காம் சீர் கீழே விழுந்து, குறள் மூன்று நான்கு வரியாகத் தெரியும். போனைப் படுக்கையாகத் திருப்புங்கள், அல்லது முதலடியின் நான்கு சீரும் ஒரே வரியில் அமரும்வரை எழுத்தைச் சிறிதாக்குங்கள். ஓர் அடிக்கு எட்டுச் சீர் வரும் எண்சீர் விருத்தத்தில் சிக்கல் இன்னும் பெரிது. அச்சில் ஓர் அடியை இரண்டாக மடித்து, இரண்டாம் பாதியை உள்தள்ளி விடுவார்கள். தட்டச்சுப் பாடத்தில் அந்த உள்தள்ளல் காணாமல் போய்விட்டால் நாலடிப் பாட்டு எட்டடியாக நிற்கும். அந்த இடத்தில் படப் பக்கத்தைப் பார்க்காமல் அடியை எண்ண வேண்டாம்.

தேடும்போதும் ஒரு பழக்கம் வேண்டும். முழுச் சொல்லை அடித்தால் புணர்ந்து நிற்கும் இடங்கள் தப்பிவிடும். "எழுத்து" என்று தேடினால் "எழுத்தெல்லாம்" அகப்படாது. "எழுத்" என்று புள்ளியோடு நிறுத்துங்கள். ஔகார உயிர்மெய்யை ஒற்றைக்கொம்பும் ளகரமுமாக அடித்து வைத்தவர்களும் உண்டு. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்தாலும் கணினிக்கு வேறு வேறு. அதனால் இரண்டு விதமாகவும் ஒருமுறை தேட வேண்டும்.

எழுத்துணரிப் பாடத்தை ஒரு பக்கத்தைக் கண்டுபிடிக்க மட்டும் பாவியுங்கள், மேற்கோளுக்கு எடுக்கவே வேண்டாம். பழைய அச்சில் ணா, றா, னா, லை, னை எல்லாம் வேறு வடிவம், இயந்திரம் அங்கே தடுமாறும். துணைக்காலையும் (ா) ரகரத்தையும் (ர) மாற்றிப் போடும். எல்லாவற்றிலும் கொடியது புள்ளி தொலைவது. "கற்க" என்பதில் புள்ளி போனால் "கறக". தேமா (நேர் நேர்) புளிமாவாகிறது, பொருளும் போய்விடுகிறது.

இதே ஆபத்து போட்டோக்கொப்பிக் கடையிலும் உண்டு. வெறும் கறுப்பு வெள்ளையில் அடித்தால் மங்கிய புள்ளிகள் மறைந்துவிடும். "கிரேஸ்கேல்" என்று, அதாவது சாம்பல் சாயல்களோடு, கேட்டு வாங்குங்கள். டெமி அளவுப் புத்தகமாக (ஏறக்குறைய ஏ4இல் பாதி) இருந்தால் ஒரு ஏ4 தாளைப் படுக்கவைத்து இரண்டு பக்கம் அடிக்கலாம், எழுத்து ஏறக்குறைய மூல அளவிலேயே வரும். தேவையான பத்துப் பன்னிரண்டு பக்கம் மட்டும் போதும். விற்பனையில் இருக்கும் நூலை இப்படி அடிக்கக் கூடாது, காசு கொடுத்து வாங்குவதுதான் எழுதியவருக்குச் செய்யும் மரியாதை.

அலகிடுவதற்குத் தாள்தான். சீருக்கு மேலே நேர் நிரை குறித்து, அழித்து, மறுபடி குறிக்கும் வேலையைக் கண்ணாடித் திரையில் விரலால் செய்வது சள்ளை. உரையோடு படிப்பதற்கும் அச்சுப் புத்தகமே மேல். செய்யுளும் பதவுரையும் குறிப்பும் ஒரே விரிப்பில் கிடக்க, கண் மேலும் கீழும் போய்வரும். போனில் உருட்டி உருட்டிச் செய்யுளின் முதலடியையே மறந்துவிடுவோம். அகராதிக்கு மட்டும் திரைக்கே எமது வாக்கு. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனை, சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் ஒரு சொல்லை அடித்தே பார்த்துவிடலாம்.

மஸ்கெலியா, நோர்வூட் பக்கம் தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் தாள் ஈரம் இழுக்கும். ஜெல் பேனாக் குறிப்பு ஊறிப் பரவும், பென்சில்தான் நிற்கும். தாளைச் சுவரில் முட்டாமல் நிமிர்த்தி வையுங்கள். பிளாஸ்டிக் உறையில் போடுவதானால் வெயில் அடித்த நாளில் காயவிட்டுப் போடுங்கள், ஈரத்தோடு மூடினால் உள்ளேயே பூஞ்சணம் பிடிக்கும்.