மூன்று ஏலக்காய் சீசனும் ஒரு கம்பைலரும்

சி மொழியில் எழுதும் நிரலைச் சிப்புக்கான கட்டளைகளாக மாற்றும் கம்பைலர் ஒன்று, காசு கொடுத்து வாங்குவது. அதை வாங்கலாமா என்று போடியிலிருந்து நண்பர் ஒருவர் கேட்டார். மூன்று வருடமாக அதில்தான் ஏலக்காய் ஸ்டோர்களுக்கு (காயை உலர்த்தும் அறைகளுக்கு) வெப்பக் கட்டுப்பாட்டுப் பெட்டி செய்கிறேன். பெயரை விடுவோம். அது உருவாக்கும் நிரல் சின்னதாக வரும், பெட்டிக்குள் இருக்கும் 32 கேபி அட்மெகா சிப்பில் இடம் மிச்சமாகும். அதெல்லாம் சரி, என் வயிற்றெரிச்சல் வேறு.

போன சீசனில் இரவு பதினோரு மணிக்கு வண்டன்மேட்டிலிருந்து போன். "அண்ணே, ஹீட்டர் போட்ட கொஞ்ச நேரத்துல நின்னுபோகுது. காய் ஈரமாவே கிடக்கு." செட் செய்திருந்தது 50 டிகிரி. சென்சாரை மாற்றினேன், ரிலேயை மாற்றினேன். கடைசியில் கம்பத்திலிருந்து மலையேறிப் போய் டிஸ்ப்ளே முன்னாலேயே உட்கார்ந்தேன். 25.4, 25.5, 25.6, டக். ஆறவிட்டு மறுபடி போட்டேன். 25.6, டக்.

வெப்பத்தைப் பத்தால் பெருக்கித்தான் சேமிக்கிறேன். அப்படியென்றால் அது 256. ஒரு பைட்டில் 255 வரைதான் அடங்கும், இரண்டு பைட் எண்ணில் மேல் பைட் 0-லிருந்து 1-ஆக மாறும் இடம்!

அப்போதும் கம்பைலரைச் சந்தேகிக்கவில்லை. அதன்மேல் பழி போடுகிறவன் பெரும்பாலும் வொலட்டைல் (இதன் மதிப்பு எப்போது வேண்டுமானாலும் மாறலாம் என்று கம்பைலருக்குச் சொல்லும் சொல்) போட மறந்தவனாக இருப்பான், நானே இருந்திருக்கிறேன். இன்டரப்டை (ஓடும் நிரலை இடைமறிக்கும் குறுக்கீட்டை) நிறுத்திப் பார்த்தேன், அதே கதை. ஆப்டிமைசேஷனை (கம்பைலர் நிரலைச் சுருக்கிச் சீராக்கும் வேலையை) எடுத்தால் ஒழுங்காக ஓடியது. அதுவும் சாட்சியாகாது, நம் தப்பும் அப்படி ஒளிந்துகொள்ளும். நிரலை வெட்டி வெட்டிப் பதினொரு வரியாக்கி, கம்பைலர் உருவாக்கிய கட்டளைகளின் பட்டியலான லிஸ்டிங்கைத் திறந்தேன்.

500-உடன் (அதாவது 50 டிகிரியுடன்) ஒப்பிட, கீழ் பைட்டுக்கு சிபி, மேல் பைட்டுக்கு சிபிசி என்ற கட்டளைகள், இரண்டும் கழித்துப் பார்த்து ஒப்பிடுபவை. முதல் கழித்தலில் வாங்கிய கடனைக் கேரி ஃப்ளாக் என்ற ஒற்றை பிட் அடுத்ததற்குக் கொண்டுபோக வேண்டும். இரண்டுக்கும் நடுவே வேறு ஏதோ கணக்குக்கான சுபி (இதுவும் கழித்தல் கட்டளை, அதே ஃப்ளாகை மாற்றிவிடும்) ஒன்றைக் கம்பைலர் செருகியிருந்தது. கடன் அழிந்துபோச்சு. 256, 500 இரண்டின் மேல் பைட்டுகளும் 1-ம் 1-ம் சமம், ஆகவே "சூடு போதும்".

அந்த லிஸ்டிங்கைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு கட்டளைத் தொகுப்புக்கும் மேலே என் சி வரி, பக்கத்தில் முகவரி, எத்தனை சைக்கிள் (சிப்பின் கடிகாரத் துடிப்பு) என்ற கணக்கு. தன் குற்றத்தைத் தானே இவ்வளவு நேர்த்தியாக எழுதிக் கொடுத்த கருவியை நான் பார்த்ததில்லை.

கம்பைலர் நிறுவனத்துக்கு அனுப்பிய புகாருக்குப் பதில் 19 நாள் கழித்து வந்தது: அடுத்த பதிப்பில் சரியாகிவிடும், அதற்குத் தனிக் கட்டணம். அதுவரை ஒப்பீட்டைத் தனி ஃபங்ஷனாக்கி ஒப்பேற்றினேன். ஆப்டிமைசேஷன் இல்லாமல் சோதித்துவிட்டு, அனுப்பும்போது மட்டும் போட்டது என் தப்பு, அதை மறைக்கவில்லை.

நண்பரிடம் வாங்காதீர்கள் என்று சொல்லிவிட்டேன். கட்டணத்தை நான் நேற்றுக் கட்டினேன். புதுப் பதிப்பை ஏற்றியதும் முதல் வேலையாக லிஸ்டிங்கில் சிபிசி என்று தேடினேன். 41 இடம். ஒவ்வொன்றுக்கும் மேல் வரியைப் பார்த்தாயிற்று.