எருசலேம் பயணத்துக்குப் பணம் கட்டும் முன் நோட்டீஸில் கிழமையைப் பாருங்கள்

அம்மாவுக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத். பிறந்தது, படித்தது எல்லாம் அங்கேதான். "இயேசு வளர்ந்த நாசரேத்தையும் ஒரு தடவை பார்த்துட்டா போதும்" என்று எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2023 பிப்ரவரியில் அதற்கு வழி பிறந்தது. தெரிந்த கிறிஸ்தவ ஊழியக்காரர் ஒருவர் ஆள் சேர்க்கிறார் என்று நோட்டீஸ் வந்தது. யோர்தான், இஸ்ரேல், பத்து நாள், தலைக்கு 1,30,000 ரூபாய், எல்லாம் அதற்குள் அடக்கம். ஊழியக்காரர் என்பதால் நாங்கள் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அதே நோட்டீஸ் இப்போது மறுபடியும் சுற்றுகிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

யோர்தான் தலைநகர் அம்மானில் இறங்கிய ராத்திரியே ஆளுக்கு 120 டாலர் கேட்டார். நுழைவுக் கட்டணமும் டிப்ஸுமாம். பாஸ்போர்ட் எல்லாம் அவர் பையில், கூட வந்தவர்களில் பாதிப் பேர் அறுபதைத் தாண்டியவர்கள், அந்த நேரத்தில் யார் போய் வாக்குவாதம் பண்ணுவது? கொடுத்தோம். ஊருக்கு வந்த பிறகுதான் தேடிப் பார்த்தேன். எருசலேமில் பரிசுத்த கல்லறை ஆலயம், கெத்செமனே ஆலயம், கல்லறைத் தோட்டம், பெத்லகேமில் இயேசு பிறந்த ஆலயம், இது எதற்குமே கட்டணம் கிடையாது. கப்பர்நகூம் மாதிரிச் சில இடங்களில் உண்டு, ஆனால் அது இஸ்ரேல் பணத்தில் சில ஷெக்கேல்தான்.

நோட்டீஸில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது, கல்லறைத் தோட்டத்தில் திருவிருந்து என்று. இயேசுவை அடக்கம் பண்ணிய இடம் அதுதான் என்று நம்புகிறவர்கள் உண்டு, எங்களைப் போன்ற தென்னிந்தியத் திருச்சபை (சிஎஸ்ஐ) ஆட்களுக்கு அந்த இடம் பெரிது. பாறையில் குடைந்த கல்லறை, சுற்றிலும் மரமும் செடியும், அங்கே உட்கார்ந்து அப்பம் வாங்க வேண்டும் என்று எத்தனையோ பேர் காசு சேர்த்து வந்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் கூட்டிப்போனார். கதவு சாத்தியிருந்தது. ஞாயிறன்று சுற்றிப் பார்க்க வருகிறவர்களை அங்கே விடுவதில்லை, அவர்கள் இணையதளத்திலேயே இருக்கிறது. பல வருஷமாக ஆள் கூட்டிப்போகிறவருக்கு இது தெரியாதா? கொண்டுவந்த திராட்சரசத்தைத் திரும்ப பஸ்ஸில் ஏற்றி, ராத்திரி ஹோட்டல் சாப்பாட்டு அறையில், பக்கத்து மேஜையில் ஆட்கள் தட்டை நீட்டிச் சோறு வாங்கிக்கொண்டிருக்க, எங்களுக்குத் திருவிருந்து கொடுத்தார். ஒரு பெரியவர் வாங்காமலேயே எழுந்து போய்விட்டார்.

நாசரேத் விஷயத்தைத்தான் என்னால் இன்னும் ஆற்றிக்கொள்ள முடியவில்லை. அன்று காலை திபேரியாவிலிருந்து கிளம்பி முதலில், இயேசு கல்யாண வீட்டில் தண்ணீரைத் திராட்சரசமாக்கிய கானா. கல்யாண வீட்டு ஆலயத்தில் இருபது நிமிஷம், அதை ஒட்டிய திராட்சரசக் கடையிலும் பரிசுக் கடையிலும் ஒன்றே முக்கால் மணி நேரம். பெத்லகேமிலும் ஒலிவ மரப் பொம்மைக் கடையில் இதே கதைதான், எங்கள் பில்லையெல்லாம் கடைக்காரர் தனியாகச் சேர்த்துக் கட்டி எங்கள் தலைவரிடம் காட்டியதை நானே பார்த்தேன். கானாவிலிருந்து நாசரேத் பத்து கிலோமீட்டர்கூட இல்லை. ஊருக்குள் வந்ததும் மைக்கில், "நேரமாகிவிட்டது, டிராஃபிக் வேறு, வலது பக்கம் தெரிகிறது பாருங்கள், காபிரியேல் தூதன் மரியாளுக்குச் சொன்ன இடம், ஸ்தோத்திரம் சொல்லுங்கள்" என்றார். நாங்கள் உட்கார்ந்திருந்தது இடது பக்கம். அம்மா எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, எதிர் வரிசைக்காரர் தலைக்கு மேலாக எட்டிப் பார்த்தார்கள். 1969-ல் கட்டி முடித்த அந்தப் பெரிய ஆலயத்தின் கூம்புக் கோபுரம் ஒரு திருப்பத்தில் தெரிந்தது, அப்புறம் கட்டடங்கள் மறைத்துவிட்டன. அம்மா உட்கார்ந்து கைப்பையைத் திறந்து கைக்குட்டையைத் தேடினார்கள். ஒன்றும் சொல்லவில்லை.

ஏன் இறக்கிவிடவில்லை என்று ஹோட்டலில் அவரிடம் கேட்டேன். "கர்த்தருக்குச் சித்தமில்லை தம்பி" என்றார். ஊர் வந்து பணத்தைப் பற்றிக் கேட்டதும் வாட்ஸ்அப் குழுவிலிருந்து என்னை நீக்கிவிட்டார்.

அந்த மண்ணைக் குறை சொல்ல மாட்டேன். ஒலிவ மலையில் பரமண்டல ஜெபத்தை நூறு மொழிக்கு மேல் ஓட்டில் எழுதிப் பதித்திருக்கிற ஆலயத்தில், அம்மா தமிழ் ஓட்டைத் தானே கண்டுபிடித்து, விரல் வைத்து வரி வரியாக வாசித்தார்கள். கலிலேயாக் கடல் நடுவில் படகின் இன்ஜினை நிறுத்தினபோது யாருமே பேசவில்லை. அதற்காகவாவது போகத்தான் வேண்டும்.

ஆனால் நோட்டீஸில் ஒவ்வொரு இடத்துக்கும் நேரே என்ன கிழமை என்று கேளுங்கள். எகிப்தும் சேர்த்துப் போகிறவர்கள், சீனாய் மலையடிவாரத்துக் கதரீன் மடம் எந்தெந்தக் கிழமை திறக்காது என்பதையும் பாருங்கள். "தரிசனம்" என்று போட்டிருந்தால் இறங்கிப் பார்ப்பதா, பஸ்ஸிலிருந்தா என்று எழுதி வாங்குங்கள். டாலராகத் தனியாக எவ்வளவு என்பதையும் கிளம்பும் முன்பே எழுதி வாங்குங்கள். ஐயா எழுத்தெல்லாம் எதற்கு, விசுவாசம் இல்லையா என்று கேட்டால் அங்கேயே எழுந்துவிடுங்கள்.

யாராவது பணம் கட்டப் போகிறீர்கள் என்றால், நாள்வாரிப் பட்டியலைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள், உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறேன்.