பெஸ்தாரி ஜெயா இடப்பெயர் வகுப்பு: ஒரு மதிப்பீடு

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்திலுள்ள பெஸ்தாரி ஜெயாவின் கோயில் மண்டபம் ஒன்றில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் நடத்தும் இடப்பெயராய்வு வகுப்பிற்கு, சென்ற சனிக்கிழமை என் தாயாரையும் அழைத்துக்கொண்டு போயிருந்தேன். கட்டணம் 20 வெள்ளி (ரிங்கிட்). வகுப்பு மூன்று மணி நேரம். 2007 வரை பத்தாங் பெர்ஜுந்தை என்று வழங்கி, பெரியவர்கள் வாயில் இன்னும் அப்படியே வழங்கும் ஊருக்கு மிகப் பொருத்தமான வகுப்பு இது.

ஊர்ப்பெயரை, இடத்தின் வகையைச் சொல்லும் பொதுக்கூறு, அதைத் தனித்துக் காட்டும் சிறப்புக்கூறு எனப் பிரிப்பதிலிருந்து ஆசிரியர் தொடங்கினார். கோவில்பட்டி, பெரியகுளம் என்று தமிழில் பொதுக்கூறு ஈற்றில் நிற்க, மலாயில் அது முன்னால் வந்துவிடுகிறது: சுங்கை சிப்புட் என்றால் நத்தை ஆறு, கோலா என்பது ஓர் ஆறு கடலிலோ மற்றோர் ஆற்றிலோ கலக்கும் இடம். இத்தனை காலம் இந்தப் பெயர்களைச் சொல்லிவந்தும் நான் இதைக் கவனித்ததில்லை. மரப்பெயர் கொண்ட ஊர்களுக்கு வந்தபோது, ஈப்போ மரத்தின் பால் நஞ்சு என்பதையும், மலாக்கா மரம் நம் நெல்லிதான் என்பதையும் கேட்டு மண்டபமே நிமிர்ந்து உட்கார்ந்தது.

ஆட்பெயரால் அமைந்த ஊர்களைத்தான் அவசரமாகக் கடந்துவிட்டார். கேரித் தீவையும், 1982இல் தெலுக் இந்தானாக மாறிய தெலுக் ஆன்சனையும் சொன்னதோடு சரி. வெள்ளைக்காரத் துரைமார் சூட்டிய பெயர்களைச் சுமந்த தோட்டங்களில் பிறந்தவர்கள் நிறைந்த அவையில் அந்தப் பகுதிக்குக் கூடுதல் நேரம் தந்திருக்க வேண்டும். கொடுத்த வரைபட நகலும் மங்கலாக இருந்தது.

ஆனால் அந்த மங்கலான தாளில்தான் அம்மா விரல் வைத்தார். எண்ணால் மட்டும் குறிக்கப்பட்டிருந்த ஒரு டிவிஷனை, அதாவது தோட்டப் பிரிவைக் காட்டி, "இது புளியமரத்து லயம், சார்" என்றார். லயம் என்பது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்.

"அந்த மரம் இன்னும் இருக்கிறதா, அம்மா?" என்று கேட்டார் ஆசிரியர்.

"செம்பனை போட வந்தப்பவே வெட்டிட்டாங்க."

ஆசிரியர் உடனே கரும்பலகையில் இயற்கைப் பெயர்களின் வரிசையில், ஈப்போவுக்கும் மலாக்காவுக்கும் கீழே, அதை எழுதினார். பால்மரம் எனும் ரப்பர் மரத்தைச் சீவியவர்கள் தமக்குள் வைத்துக்கொண்ட பெயரை நாட்டின் பெருநகரங்களுக்கு இணையாக வைத்துப் படிக்கும் இந்த முறைக்காகவே தோட்டத்தில் வளர்ந்த ஒவ்வொருவரும் இவ்வகுப்பிற்குப் போகலாம், வீட்டுப் பெரியவர் ஒருவரையும் கட்டாயம் அழைத்துச் செல்லலாம். அடுத்த வகுப்பிற்குப் பழைய பிறப்புப் பத்திரங்களைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். அம்மா தம்முடையதை இப்போதே எடுத்து வைத்துவிட்டார்.