பாத்ரூம் சாக்கடை நாற்றம்: சிலிகான் வால்வா, புது நஹானி ட்ராப்பா?

ஃப்ளாட் பாத்ரூமில் நாற்றம் வந்தால் முதலில் தரைத்துளையில் ஒரு பக்கெட் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். சாக்கடை வாயுவை மறிப்பது, துளைக்கு அடியில் பதித்திருக்கும் நஹானி ட்ராப் என்ற கிண்ணம் போன்ற அமைப்பில் தேங்கி நிற்கும் தண்ணீர்தான். புழங்காத பாத்ரூமில் அது வற்றிவிடும். ஊற்றியதும் நாற்றம் அடங்கினால் வாரம் ஒருமுறை ஊற்றுங்கள், காசு மிச்சம். ஊற்ற ஆளில்லை, அல்லது ஊற்றியும் அடங்கவில்லை என்றால்தான் கேள்வி: துளையில் செருகும் சிலிகான் வால்வா (தண்ணீர் இறங்கும்போது வாய் திறந்து, பிறகு தானே மூடிக்கொள்ளும்), தரையை உடைத்துப் புது ட்ராப்பா?

செலவு
வால்வு: சில நூறு ரூபாய்.
ட்ராப்: பொருள் விலை குறைவு, டைல்ஸ் உடைப்பு, கொத்தனார், வாட்டர்ப்ரூஃபிங் எல்லாம் சேர்ந்தால் ஆயிரங்களில் போகும்.

வேலை
வால்வு: துளையின் மேலுள்ள ஜாலி மூடியைத் தூக்கி நீங்களே செருகலாம். துளையை அளந்துவிட்டு வாங்குங்கள்.
ட்ராப்: ப்ளம்பர் வேண்டும். குழாய் கீழ்வீட்டின் கூரைக்கடியில் ஓடினால் அவர்களிடமும் கேட்க வேண்டும், அதுதான் பெரிய வேலை!

எவ்வளவு நாள் உழைக்கும்
வால்வு: முடியும் சோப்பு அழுக்கும் சிக்கினால் வாய் மூடாது, நாற்றம் திரும்பும். அடிக்கடி கழுவ வேண்டும். தண்ணீரும் கொஞ்சம் மெதுவாகவே இறங்கும்.
ட்ராப்: ஒழுங்காகப் பதித்தால் பல வருடம் கவலையில்லை. ஆனால் புழங்காவிட்டால் இதுவும் வற்றும்.

வாடகை வீடு, எப்போதாவது திறக்கும் விருந்தினர் பாத்ரூம்: வால்வு. சொந்த வீடு, ட்ராப் விரிசல் விட்டிருக்கிறது அல்லது பில்டர் வைக்கவே இல்லை: உடைத்து மாற்றுங்கள்.

மேல்வீட்டில் ஃப்ளஷ் செய்யும்போது உங்கள் துளையில் களக் களக் சத்தம் வருகிறதா? சாக்கடைக் குழாய்க்குள் காற்று போய்வரும் வென்ட் பைப் அடைத்திருக்கலாம். அதை அசோசியேஷன்தான் பார்க்க வேண்டும்.